தெருவுக்குத் தெரிந்த நாய், தெருவுக்குத் தெரியாத நோய்

காஞ்சிபுரம் விடியுமுன்பே எழுந்துவிடுகிற ஊர். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு நீட்டியாக வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் வரதரைச் சேவிக்க வந்தவர்கள் இருட்டோடு இருட்டாக மாட வீதியில் நடப்பார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரவு ஷிப்ட் முடித்த பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு சந்துக்குள் திரும்புவார்கள். அதே நேரத்தில் சந்து முனையில் நாலைந்து நாய்கள் தலை தூக்கிப் பார்க்கும். ஒன்று குரைக்கும், மற்றவை எழுந்து நிற்கும். நடந்து வந்தவரின் கால் தானாகவே வேகம் எடுக்கும்.

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இது நடக்கிறது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் மாநிலத்தில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநாய்க்கடி நோயான ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 லட்சம் விலங்குக் கடிகள் நடக்கின்றன, அவற்றில் முக்கால் பங்கு நாய்க்கடி, ரேபிஸ் மரணம் 5,700-க்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அந்த மரணங்களில் ஏறக்குறைய எல்லாமே தடுத்திருக்கக் கூடியவை. அதற்கான மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள்? நாயைப் பற்றி நாம் நிறைய பேசுகிறோம், கடித்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். "எல்லாத்தையும் பிடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு கட்சி, "வாயில்லா ஜீவன்" என்று இன்னொரு கட்சி. நடுவில் நிற்கிற பள்ளிப் பிள்ளைக்கு, நாய் எதிரே வந்தால் என்ன செய்வது என்று இரண்டு கட்சியும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஓடினால் துரத்தும்

முதல் பாடம் ஓடாமல் இருப்பது. நாயின் கண்ணும் உடம்பும் ஓடுகிற பொருளைத் துரத்தப் பழகியவை. ஓடுகிற மனிதனும் வேகமெடுக்கிற பைக்கும் அதற்கு ஒன்றுதான். கடியைவிட விழுவதே ஆபத்தாகிற சமயங்களும் உண்டு. 2023 அக்டோபரில் அகமதாபாத்தில் வாக் பக்ரி தேயிலை நிறுவனத்தின் செயல் இயக்குநர் பராக் தேசாய் தெருநாய்கள் துரத்தியபோது கீழே விழுந்து, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்ததாகச் செய்திகள் வந்தன. அவருக்கு வயது 49.

நாய் நெருங்கினால் அசையாமல் மரம்போல் நிற்க வேண்டும். கைகள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். அதன் கண்ணை நேருக்கு நேர் வெறித்துப் பார்க்காமல், ஓரக்கண்ணால் கவனித்தால் போதும். கூச்சல் போடக் கூடாது. அது ஆர்வம் இழந்து தலையைத் திருப்பியதும், முதுகைக் காட்டாமல் மெல்ல மெல்லப் பின்வாங்கலாம். கையில் பை, குடை, சைக்கிள் எது இருந்தாலும் தனக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொள்ளலாம். அப்படியும் கீழே தள்ளிவிட்டால் உடம்பைச் சுருட்டி, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, இரு கைகளாலும் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். வண்டியில் போகிறவர் ஆக்சிலரேட்டரை முறுக்குவதற்குப் பதிலாக வேகத்தைக் குறைக்க வேண்டும், தேவையானால் நிறுத்திவிட வேண்டும். வண்டி நின்றதும் பெரும்பாலான நாய்கள் துரத்துவதை விட்டுவிடும்.

குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தால் நாய் ஓடிவிடும் என்பது ஊரறிந்த உத்தி. தனியாக நிற்கிற நாயிடம் அது பலிக்கும். கூட்டமாக நிற்கிற நாய்களிடமும், பக்கத்தில் குட்டிகளை வைத்திருக்கிற தாயிடமும் அது சண்டையை மூட்டிவிடும். நம் ஊர்களில் மழைக்காலத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும் நாய்கள் அதிகம் குட்டி போடுகின்றன. மார்கழி அதிகாலையில் கோலம் போட உட்காருகிற பெண்களும் கோயிலுக்குக் கிளம்புகிற பிள்ளைகளும் திண்ணை ஓரத்தில், மணல் குவியலில், நின்றுபோன வண்டிக்கு அடியில் குட்டிகள் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. மற்ற நாட்களில் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் வருகிற அதே தெருநாய்தான் அந்த மாதங்களில் பாய்ந்துவிடும்.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பி யாரும் காலை நீட்ட வேண்டாம். குரைப்பது எச்சரிக்கை. எச்சரிக்கையை மதிக்காமல் நெருங்கினால் குரைத்த நாயும் கடிக்கும். அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது சத்தமே போடாத நாயை: உடம்பு விறைத்து, வால் அசையாமல் நிமிர்ந்து, பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கும். உண்கிற நாய், உறங்குகிற நாய், குட்டியோடு இருக்கிற நாய் இந்த மூன்றையும் தொடக் கூடாது என்பது குழந்தைகளுக்கு அ, ஆவோடு சொல்லித்தர வேண்டிய பாடம். வெறிபிடித்திருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் உயரத்துக்கு நாயின் வாய் முகத்துக்கு நேராக இருப்பதால், கடியும் முகத்திலும் தலையிலும் விழுகிறது.

கடல் கடந்த ஓர் உறவினன்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய தமிழர்கள் மாலை நடைக்குப் போகிற தெருக்களில் கயோட்டி என்ற விலங்கைப் பார்க்கிறார்கள். நாய், ஓநாய், நம் ஊர் நரி மூன்றும் அதற்கு ஒரே பேரினத்துச் சொந்தங்கள். அங்கே சொல்லித்தருகிற பாடம் பாதி நம் பாடம், பாதி நேரெதிர். ஓடக் கூடாது என்பது பொதுவானது. ஆனால் கயோட்டியின் முன் அசையாமல் நின்றால் போதாது. கையை உயர்த்திப் பெரிய உருவமாகத் தெரிய வேண்டும், சத்தம் போட வேண்டும், சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதைப் பார்த்தபடியே பின்வாங்க வேண்டும். மனிதனுக்கு அஞ்சுகிற காட்டு விலங்கிடம் அந்த அச்சத்தை நினைவுபடுத்துவதுதான் வழி. தெருநாய் மனிதனோடே வளர்ந்தது. அதனிடம் கூச்சல் சண்டைக்கு அழைப்பாகிவிடும்.

கயோட்டிக் கதையில் நமக்கு வேண்டிய பாடம் வேறொன்று. கனடாவின் வான்கூவர் நகரில் ஸ்டான்லி பார்க் என்ற பெரிய பூங்காவில் 2020 டிசம்பருக்கும் 2021 செப்டம்பருக்கும் இடையே 45 பேர் கயோட்டிகளால் தாக்கப்பட்டார்கள். பூங்காவுக்கு வந்தவர்கள் இரை போட்டுப் பழக்கியதும், குப்பைத் தொட்டிகளில் உணவு கிடைத்ததும் காரணங்களாகப் பேசப்பட்டன. கடைசியில் பதினொரு கயோட்டிகள் கொல்லப்பட்டன. பழக்கியவர்கள் மனிதர்கள், உயிரை விட்டவை விலங்குகள். சிகாகோவைச் சுற்றி 2000-ஆம் ஆண்டு முதல் நடக்கிற நகர்ப்புறக் கயோட்டி ஆய்வும், மனிதர் கையால் உண்ணப் பழகிய விலங்கிடமிருந்துதான் தொல்லை அதிகம் என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

காஞ்சிபுரத்தில் இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் கொட்டுகிற இலை, ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடை ஓரத்துக் கழிவு, ஓட்டல் சந்தில் வழிகிற தொட்டி இவைதான் நாய்க்கூட்டம் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சோறு கொட்டுகிற இடத்தில் நாய்கள் கூடும், கூடிய இடத்துக்கு எல்லை பிடிக்கும், அந்த எல்லைக்குள் புதிதாக யார் வந்தாலும் பாயும். யாத்ரீகர்களும் பட்டுப்புடவை வாங்க வருகிற கல்யாண வீட்டாரும் ஆண்டு முழுக்க வந்துபோகிற ஊருக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை.

பைரவரின் வாகனமான நாய்க்குத் தேய்பிறை அஷ்டமியில் பிஸ்கட்டும் தயிர்சோறும் வைக்கிற பழக்கம் ஊரில் இருக்கிறது. அதை யாரும் விட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். பள்ளி வாசல், கோயில் வாசல், மாடிப்படி, குழந்தைகள் விளையாடுகிற இடம் இவற்றிலிருந்து தள்ளி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளும் உணவிடும் இடம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கின்றன. உணவிடுகிற கை பயனுள்ள கையும்கூட. அந்தக் கைக்குத்தான் நாய் அஞ்சாமல் வரும், அந்தக் கை பிடித்துக்கொடுத்தால்தான் தடுப்பூசி போடுகிறவரின் வேலை சுலபமாகும்.

கடித்துவிட்டால்

பட்டுத்தறியில் உட்காருகிறவரை நினைத்துப் பாருங்கள். குழித்தறியில் இரண்டு காலும் பள்ளத்துக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருக்கும். கெண்டைக்காலில் கடிபட்டால் அன்றைய வேலை போச்சு. கூலிக்கு நெய்கிறவருக்கு வேலை போனால் வருமானமும் போச்சு. அதனால் "லேசாப் பல்லு பட்டுது, அவ்வளவுதான்", "நகம்தான் கீறிச்சு", "நம்ம தெரு நாய்தானே" என்று மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி தறியில் உட்கார்ந்துவிடுகிற ஆபத்து அங்கே அதிகம். உயிரைக் குடிக்கிறவை இந்த மூன்று வாக்கியங்கள்தான்.

2025 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷகர் மாவட்டத்தில் 22 வயதுக் கபடி வீரர் ஒருவர் ரேபிஸால் இறந்தார். சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைத் தூக்கிக் காப்பாற்றியபோது அது விரலில் கடித்திருந்தது. சின்னக் காயம், சின்னக் குட்டி என்று ஊசி போடாமல் விட்டுவிட்டார். பிறகு கை மரத்தபோதும் அது விளையாட்டில் பட்ட அடி என்றே எண்ணினார். ரேபிஸின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே கிடையாது. பெரும்பாலும் கடித்து ஒன்று முதல் மூன்று மாதங்களில் அது தலைகாட்டும். சில சமயம் ஒரு வாரத்தில், சில சமயம் ஓராண்டு கழித்து.

அந்தக் கிருமி ரத்தத்தில் பாய்ந்து போவதில்லை, நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. நமக்குக் கிடைக்கிற அவகாசம் அந்தப் பயண நேரம்தான். அதைப் பயன்படுத்துகிற முதல் வேலை வீட்டுக் குழாயடியில் தொடங்குகிறது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில், சாதாரண சோப்பைப் போட்டு, முழுசாக 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். பலர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சோப்பு அந்தக் கிருமியின் கொழுப்பு உறையைச் சிதைக்கிறது. வீட்டில் டிஞ்சரோ பொவிடோன் அயோடினோ இருந்தால் அதற்குப் பிறகு போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதுவும் வேண்டாம். துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மருத்துவரும் பெரும்பாலும் உடனே தையல் போட மாட்டார்.

அடுத்தது ஊசி. நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது தவறான யோசனை. நாயைக் கவனிப்பது நல்லதுதான், ஆனால் முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கவனிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடுகிற முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என நான்கு தவணைகள். தசையில் போடுகிற முறையில் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து. பல் ஆழமாக இறங்கி ரத்தம் வந்திருந்தால், அல்லது புண்ணில் நாய் நக்கியிருந்தால், தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றியே செலுத்துகிற, சீரம் என்று சொல்கிற ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க நாளாகும், அதுவரை கிருமியைக் காயத்திலேயே மடக்கி வைப்பது இந்த மருந்து. மருத்துவமனையில் 'சீரம் வேண்டுமா?' என்று வாய்விட்டுக் கேட்பதில் தப்பில்லை. இங்கே இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பூனை, குரங்கு, கீரி கடித்தாலும் இதே விதிதான்.

2025 ஏப்ரலில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 5 வயதுச் சிறுமி தடுப்பூசி போட்டும் ரேபிஸால் இறந்தாள். கடி தலையில். மூளைக்குப் பக்கத்தில் விழுந்த கடி அவ்வளவு அவகாசம் தராது. அதனால்தான் தலை, முகம், கழுத்துக் கடி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது என்கிறார்கள். இந்த ஒரு மரணத்தைக் காட்டி 'ஊசியே வேலை செய்யாது' என்று முடிவு கட்டுவது ஆபத்து. நேரத்தில் கழுவி, நேரத்தில் போட்டு, எல்லாத் தவணையும் முடித்த மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்றியது அந்த ஊசிதான்.

தொப்புளைச் சுற்றி

ஊசி பயம் இன்னும் பல பாட்டிமார்களிடம் இருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் அது. அதற்கு நியாயமான வரலாறும் உண்டு.

லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த 9 வயது ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போட்டார். தமிழ்நாட்டில் அந்த மருத்துவம் வருவதற்கு ஒரு மரணம் காரணமாயிற்று. 1902-இல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அதையொட்டித் தென்னிந்தியாவில் ஒரு சிகிச்சை நிலையம் வேண்டும் என்ற பேச்சு எழுந்து, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. பிறகு டேவிட் செம்பிள் என்பவர் இமாலயத்தின் கசவுலியில் உருவாக்கிய தடுப்பூசி நாடெங்கும் பரவியது. ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரானது அது. வயிற்றில் பல நாள் தொடர்ந்து போட வேண்டும், வலிக்கும், சிலருக்கு நரம்பு பாதிப்பும் வந்தது. நரம்புத் திசுவிலிருந்து தயாராகும் அந்த வகை ஊசியின் உற்பத்தி இந்தியாவில் 2004-இல் நின்றது. இன்று ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்து தயாராகும் ஊசி கையில்தான் போடப்படுகிறது. பெரிய வலி கிடையாது. பாட்டிக்கு இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

பிடிப்பதா, விடுவதா

உச்ச நீதிமன்றம் 2025-இல் இந்தக் கேள்வியில் மூன்று முறை உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிபிடித்ததும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, திரும்ப அங்கே விடக் கூடாது என்றது.

சென்னைக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நாய்களைப் பிடித்துக் கொல்ல வண்டி ஓடியும் நாய்கள் குறையவில்லை. கொன்ற இடத்தைப் பக்கத்துத் தெரு நாய்கள் பிடித்தன, உணவு மிச்சமானதால் குட்டிகள் பிழைத்தன. புளூ கிராஸ் அமைப்பு பல ஆண்டுகள் வற்புறுத்தி, 1996-இல் கருத்தடைத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பின் நகரில் ரேபிஸ் மரணம் பெரிதும் சரிந்தது. ஆனால் வேகம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சென்னையே காட்டியது. 2018 கணக்கெடுப்பில் சுமார் 57 ஆயிரமாக இருந்த தெருநாய்கள் 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் என்று வந்தன. கோவாவில் வீடு வீடாக, தெருத் தெருவாக வலையோடு போய் 70 சதவீத நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டார்கள். 2021-இல் மாநிலத்தை ரேபிஸ் கட்டுக்குள் வந்த பகுதி என்று அறிவித்தார்கள்.

2021-இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்தில் 51 வார்டுகள். தன் தெருவில் எத்தனை நாய் இருக்கிறது, எதன் காதில் வெட்டு இருக்கிறது, எது பெட்டை, எது குட்டி போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் வேலை பாதி முடிந்தது. கருத்தடை செய்த நாயின் காது நுனியில் சின்ன முக்கோண வெட்டு இருக்கும். அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். வெட்டு இல்லாத நாய்களின் பட்டியலை வார்டு உறுப்பினரிடமும் மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவிலும் எழுத்தாகக் கொடுத்து, ரசீது வாங்கி, மறுபடி போய்க் கேட்க வேண்டும். நாய் சம்பந்தமாகத் தெருவில் நடக்கிற சண்டைக்குச் செலவாகிற நேரத்தில் கால் பங்கு இதற்குப் போதும்.

கடைசியாகக் கடிபட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று ஊசியைப் போட்டுவிட்டு, காயம் ஆறியதும் 28-ஆம் நாள் ஊசியை மறந்துவிடுகிறவர்கள் பலர். முகூர்த்தப் புடவை தறியில் இருக்கட்டும், ஷிப்ட் இருக்கட்டும், கல்யாணம் இருக்கட்டும், அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். ஊசிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மறுபடி கடிபட்டால் அந்தச் சீட்டைக் காட்டினால் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். உங்கள் தெருவில் யாருக்காவது நாய் கடித்திருந்தால் இன்றே கேளுங்கள்: எல்லா ஊசியும் போட்டாச்சா?